ஈரானிய ஓட்டலில் இரண்டு பேருக்கு ஒரு மேசை

1

தமிழரசி என்னிடம் எதையும் கேட்கிறவள் அல்ல. அதனால் அன்றைக்கு அவள் கேட்டபோது எனக்குச் சந்தோஷத்துக்கு முன்னால் சந்தேகம்தான் வந்தது.

ஹாம்பர்க் நகரில் எங்கள் வீட்டுச் சமையலறை. ஞாயிற்றுக்கிழமை காலை. அவள் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் மறுநாள் வேலைக்கான சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். தோசைக்கல்லைப் பார்த்தபடியே சொன்னாள்.

"ஏங்க, இந்த வருசம் நம்ம கல்யாண நாளுக்கு வெளிய சாப்பிடப் போலாமா?"

"போலாம். கயலுக்கு இன்னா புடிக்கும்னு கேட்டுக்க."

"கயலு வாணாம். நாம ரெண்டு பேரு மட்டும். ஈரான் ஓட்டலுக்கு. நல்ல ஓட்டலா நீங்களே பாத்து வைங்க."

இந்த நாலு வாக்கியங்களில் ஒன்றுகூட எங்கள் வீட்டில் அதுவரை பேசப்பட்டதில்லை. கல்யாணமாகி இருபது வருடம் ஆகிறது. அந்த நாளை நாங்கள் ஒருமுறையும் கொண்டாடியது கிடையாது. வெளியில் சாப்பிட்டால் பதினாறு வயது மகள் கயல்விழியோடு மூன்று பேராகத்தான். அதுவும் கடைவீதியில் நின்றுகொண்டே எதையாவது தின்றுவிட்டு வருவதுதான். இதில் ஈரான் எங்கிருந்து வந்தது?

"ஈரான் சாப்பாடு உனக்கு எப்பிடித் தெரியும்?"

"வார்டுல பேசிக்கினு இருந்தாங்க."

"யாரு?"

"யாரோ" என்று சொல்லிவிட்டுத் தோசையைத் திருப்பினாள்.

அந்த 'யாரோ' எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இதுவரை நான் பத்திரிகைக்கு எழுதிய குறிப்புகளில் என்னைப்பற்றித் 'தனியார் நிறுவனத்தில் பணி' என்றே எழுதிவந்தேன். நான் பார்சல் வண்டி ஓட்டுகிறேன். காலையில் கிடங்கில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாக இறக்குவதுதான் வேலை. மூங்கில்துறைப்பட்டில் ஆலைக்குக் கரும்பு போட்டுக்கொண்டிருந்த குடும்பத்துப் பையன் இங்கே மாடிப்படி ஏறி மணியடிக்கிறான். தமிழரசி பெரிய மருத்துவமனை ஒன்றில் நர்ஸ். அவள்தான் ஒன்பது வருடத்துக்கு முன் வேலை கிடைத்து முதலில் வந்தாள். இரண்டு வருடம் கழித்து நானும் கயலும் அவள் பின்னால் வந்து சேர்ந்தோம்.

பின்னால் வந்தவன் என்கிற நினைப்பு என்னை விட்டுப் போனதில்லை. என் சந்தேகத்துக்கு அதுவும் தீனி போட்டிருக்கும்.

2

சந்தேகம் வந்துவிட்டால் சாதாரண விஷயமெல்லாம் சாட்சி சொல்லக் கிளம்பிவிடுகிறது. தமிழரசி கொஞ்ச நாளாகக் குளிக்கும்போது எதையோ முணுமுணுத்தாள். கதவோரம் நின்று கேட்டேன். அது தமிழும் இல்லை, ஜெர்மனும் இல்லை. சனிக்கிழமைகளில் ட்யூட்டி முடிந்து அரைமணி நேரம் தாமதமாக வந்தாள். கைப்பையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருந்தாள். நான் பக்கத்தில் போனால் மூடிவிடுவாள்.

பிறகு அந்தக் கைப்பேசி.

ஒரு நாள் காலை அவள் தலை துவட்டப் போயிருந்தாள். சாப்பாட்டு மேசையில் சார்ஜில் கிடந்த அவள் கைப்பேசி மினுங்கியது. வலமிருந்து இடமாக ஓடும் எழுத்தில் ஒரு வரி. அனுப்பியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்து 'இசட்', பக்கத்தில் 'நாலு' என்ற எண். அவ்வளவுதான்.

இசட் என்று தொடங்கும் ஆண் பெயர்களை வண்டி ஓட்டிக்கொண்டே அன்றைக்கெல்லாம் யோசித்தேன். நாலு எதற்கு? இதற்கு முன்னால் மூன்று பேரா?

பூட்டைத் திறக்கும் கோலம் எனக்குத் தெரியும். திறக்கவில்லை. அந்த அளவுக்கு நல்லவன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அடுத்த முறை அது மினுங்கியபோது என் கைப்பேசியை அதன் மேல் நீட்டினேன். எழுத்தைப் படம் பிடித்துக் காட்டினால் தமிழில் மாற்றித் தரும் செயலி ஒன்று இருக்கிறது. அலுவலகக் கடிதங்களுக்காக வைத்துக்கொண்டது. வரிச் சீட்டு, வாடகை ஒப்பந்தம், பள்ளிக்கூட அறிவிப்பு எல்லாவற்றையும் அதன் வழியாகத்தான் புரிந்துகொள்கிறேன். அதன் தமிழ் விறைப்பாக இருக்கும். ஆனால் பொய் சொல்லாது என்பது என் நம்பிக்கை.

'பயப்படாதே. நான் இங்கே இருக்கிறேன்.'

செயலியை மூடித் திறந்து மறுபடி காட்டினேன். அதே வரிதான் வந்தது.

இரண்டு நாள் கழித்து இன்னொன்று: 'என் கையைப் பிடி.' அதற்கு மறுநாள்: 'எங்கே வலிக்கிறது, என் உயிரே?' அந்த வாரக் கடைசியில்: 'நான் சீக்கிரம் திரும்பி வருவேன்.'

நாலையும் படமாகச் சேமித்து வைத்துக்கொண்டேன். எவனோ ஒருவன் என் மனைவியிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்கிறான். நான் எப்போதாவது அவளை அப்படிக் கேட்டிருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை. அது என் கோபத்தைக் குறைக்கவில்லை, கூட்டியது.

சண்டை போடவில்லை. ஓட்டலைத் தேட ஆரம்பித்தேன். அவளே கேட்ட இடத்தில், எதிரில் உட்காரவைத்துக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

3

இந்த ஊரில் ஈரானியர்கள் அதிகம். கடைப் பலகையில் 'பாரசீக உணவகம்' என்றுதான் எழுதுகிறார்கள். இணையத்தில் தேடினால் வரிசையாக வருகின்றன. எல்லாவற்றுக்கும் ஐந்து நட்சத்திரம். 'மறக்க முடியாத மாலை', 'என் காதலிக்கு மிகவும் பிடித்தது' என்று யார்யாரோ எழுதியிருக்கிறார்கள். ஒரே ஓட்டலைப் புகழும் பன்னிரண்டு பேரும் ஒரே மாதிரி எழுத்துப் பிழை விட்டிருந்தால் எனக்குச் சந்தேகம் வராதா?

ஆனால் எனக்கு வேறு வழி ஒன்று இருந்தது. பார்சல்காரன் ஓட்டல்களை முன்வாசலில் பார்ப்பதில்லை, பின்வாசலில் பார்க்கிறான். பின்வாசலைப் பார்த்தால் உள்ளே என்ன சாப்பிடுவோம் என்று தெரிந்துவிடும்.

ரயில் நிலையத்துப் பக்கம் இருக்கும் ஓட்டலில் சரவிளக்கும் சிவப்புத் திரையும் உண்டு. அதன் பின்வாசலில் காலித் தகர டப்பாக்கள் குவிந்திருந்தன. குழம்பே டப்பாவில் வருகிறது. அதைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். ஏரிக்கரையில் இன்னொன்று. பின்பக்கம் சுத்தமாக இருந்தது. நான் நின்ற இரண்டு நிமிடத்தில் உள்ளேயிருந்து வந்த ஆள், பார்சல் ஏதும் இல்லாமல் நிற்கிறாயே என்கிற மாதிரி மேலும் கீழும் பார்த்தான். அதையும் அடித்தேன்.

மூன்றாவது என் தினசரி வழியிலேயே இருந்தது. சின்ன ஓட்டல். பன்னிரண்டு மேசை இருந்தால் அதிகம். நடத்துகிற அம்மாளுக்கு அறுபது வயது இருக்கும். காலையில் நான் போகும்போது பின்பக்கத்து முற்றத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பார். கொத்துமல்லி, வெந்தயக்கீரை, இன்னும் பெயர் தெரியாத இலைகள், மலை மாதிரி. பச்சை விரலோடு கையெழுத்துப் போட்டுத் தருவார். மடியில் கீரை வைத்துக்கொண்டு ஆய்கிறவர் டப்பா குழம்பு ஊற்ற மாட்டார்.

அன்றைக்குப் பெட்டியைக் கொடுத்துவிட்டு மெதுவாகக் கேட்டேன்.

"இங்கே... இரண்டு பேர் வந்து சாப்பிடுவதற்கு நன்றாக இருக்குமா? ஆணும் பெண்ணும்?"

அவர் கீரையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"யாருக்கு?"

"ஒரு நண்பருக்கு."

"உங்கள் நண்பரை நேரில் வந்து பார்க்கச் சொல்லுங்கள்" என்றார். என் முகத்தில் எதையோ படித்துவிட்ட மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு நேரில் பதிவு செய்யக் கூச்சம். வீட்டிலிருந்து போன் செய்தேன். ஜெர்மனில் என்ன பேச வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டுதான் பேசினேன். கல்யாண நாளுக்கும் கல்யாணத்துக்கும் ஜெர்மனில் வாலில்தான் வித்தியாசம். பதற்றத்தில் நான் வாலை விட்டுவிட்டேன்.

"வெள்ளிக்கிழமை மாலை எனக்குக் கல்யாணம். மேசை வேண்டும்."

எதிர்முனையில் தாளைப் புரட்டும் சத்தம். "வாழ்த்துகள். எத்தனை விருந்தாளிகள்?"

"விருந்தாளிகள் இல்லை. இரண்டு பேர்."

"இரண்டே பேரா? ரகசியக் கல்யாணமா?"

சோபாவில் படுத்திருந்த கயல் எழுந்து வந்து போனைப் பிடுங்கினாள். கடகடவென்று ஜெர்மனில் பேசி, சிரித்து, முடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"அப்பா, கல்யாண நாள்னு சொல்லணும். நீங்க கல்யாணமே பண்ணிக்கப் போறேன்னு சொல்லிட்டீங்க."

"தெரியும், தெரியும்."

"ஒண்ணு சொல்லட்டா? அங்கயாவது அம்மாகூட சேர்ந்து நடந்து உள்ள போங்க. நீங்க எப்பவும் நாலு எட்டு முன்னாடியே போறீங்க. என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் உங்க அப்பா அம்மாவுக்குச் சண்டையானு கேக்கறாங்க."

கயலின் தமிழ் வருடத்துக்கு வருடம் தேய்ந்துகொண்டு வருகிறது. இதைச் சொல்ல மட்டும் அவளுக்கு ஒரு வார்த்தைகூடத் தட்டுப்படவில்லை.

4

ரகசியக் கல்யாணமா என்று அந்தக் குரல் தெரியாமல்தான் கேட்டது. எங்களுடையது ரகசியக் கல்யாணம்தான்.

தமிழரசியின் ஊர் எலவனாசூர்கோட்டை. அவளுடைய அப்பாவும் அம்மாவும் கூலிக்குக் கரும்பு வெட்டப் போகிறவர்கள். எங்கள் வயலிலும் வெட்டியிருக்கிறார்கள். அவர்கள் வெட்டிய கட்டுகள் எங்கள் டிராக்டரில் ஏறும், அவர்கள் எங்கள் வூட்டு வாசலோடு நின்றுவிடுவார்கள். எந்தத் தெரு, எந்தச் சாதி என்று நான் எழுத வேண்டியதில்லை. ஊரில் படிக்கிறவர்களுக்குப் புரியும்.

திருக்கோவிலூரில் நாங்கள் இருவரும் படித்தபோது பழக்கம். பிறகு அவள் நர்சிங் முடித்து கள்ளக்குறிச்சியில் ஒரு மருத்துவமனையில் சேர்ந்தாள். திருக்கோவிலூரில் கல்யாணத்தைப் பதிவு செய்தோம். மூன்று நண்பர்கள் சாட்சி. போட்டோ எடுக்கவில்லை. யார் கையிலாவது சிக்கிவிடும் என்று பயம். அவள் தன் விடுதிக்குப் போனாள், நான் என் வீட்டுக்குப் போனேன். நாலு மாதம் அப்படியே இருந்தோம்.

அந்த நாலு மாதத்தில் ஒரே ஒரு நாள் வெளியே போனோம். கள்ளக்குறிச்சியிலிருந்து பஸ் பிடித்துக் கல்வராயன் மலைக்கு. வெள்ளிமலைப் பக்கத்து அருவியில் அன்றைக்குத் தண்ணீர் நன்றாக விழுந்தது. அவள் காலை நனைத்துக்கொண்டு பாறையில் நின்றாள். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். அப்போது மேலேயிருந்து மூன்று பேர் இறங்கி வந்தார்கள். ஒருவர் எங்கள் அப்பாவோடு ஆலைக்கு வந்துபோகிறவர். என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"இன்னா தம்பி, இங்க? கூட யாரு அது?"

"யாருமில்லண்ணா. கூடப் படிச்சவங்க. வழியில பாத்தன்."

"படிச்சவங்களா? எந்த ஊரு?"

"தெரியலண்ணா."

எந்த ஊர் என்று தெரியாதாம். நாலு மாதத்துக்கு முன் கல்யாணப் பதிவேட்டில் அவளோடு கையெழுத்துப் போட்டவன் சொன்னான். அவர்கள் சந்தேகத்தோடு திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் நாங்கள் ஒரே சீட்டில் உட்காரவில்லை. அருவிச் சத்தத்தில் நான் சொன்னது அவளுக்குக் கேட்டிருக்காது என்று எனக்கு நானே உறுதி செய்துகொண்டேன். அவளும் எதுவும் கேட்கவில்லை.

அடுத்த வாரமே வீட்டில் உண்மையைச் சொன்னேன். அன்றைக்கு வெளியே வந்தவன்தான். அம்மா செத்தபோது போனேன், சுடுகாடு வரைக்கும். தமிழரசியை வூட்டுக்குள் அவர்கள் இதுவரை அழைக்கவில்லை.

ஜெர்மனிக்கு வரும்போது அந்தப் போட்டோ இல்லாத கல்யாணம் மறுபடி விசாரணைக்கு வந்தது. விசாவுக்கு என்னைச் சென்னையில் கேட்டார்கள், அவளை இங்கே கேட்டார்கள். ஒரே கேள்விகள். கணவன் மனைவியாகச் சேர்ந்து முதலில் எங்கே போனீர்கள் என்பது ஒன்று. நான் 'எங்கும் போகவில்லை' என்றேன். அவள் 'கல்வராயன் மலை' என்று எழுதியிருந்தாள். பதில்கள் பொருந்தவில்லை என்று இன்னும் பல காகிதங்கள் கேட்டார்கள். விசா தள்ளிப்போனது.

"எதுக்கு அத எழுதின?" என்று போனில் கேட்டேன்.

"போனோமில்ல?" என்றாள். அவ்வளவுதான்.

5

வெள்ளிக்கிழமை. கோடைக்காலம் என்பதால் ஏழு மணிக்கும் நல்ல வெயில். தமிழரசி பச்சைப் பருத்திப் புடவை கட்டியிருந்தாள். யாருக்காக இந்தப் புடவை என்று என் மனம் ஒருமுறை கேட்டுக்கொண்டது.

உள்ளே நுழைந்ததும் அந்த அம்மாள் என்னைப் பார்த்துவிட்டார்.

"ஓ! என் பார்சல்காரர்! அந்த நண்பர் நீங்கள்தானா?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. மூலையில் ஒரு மேசையைக் கைகாட்டினேன். தமிழரசி ஜெர்மனில், "வேண்டாம், ஜன்னலோரம் கொடுங்கள்" என்றாள். தெருவில் போகிறவர்கள் எல்லாம் பார்க்கும்படியான இடம். எதிரெதிரே உட்கார்ந்தோம். வீட்டுச் சாப்பாட்டு மேசையில்கூட நாங்கள் அப்படி உட்கார்ந்ததில்லை என்று அப்போதுதான் கவனித்தேன். அங்கே எங்களுக்கு நடுவில் கயல் இருப்பாள்.

முதலில் ரொட்டியும், பச்சையாகத் தின்கிற கீரைத் தட்டும், புதினா போட்ட மோரும் வந்தன. தமிழரசி ரொட்டியில் துளசி மாதிரி ஒரு இலையை வைத்துச் சுருட்டிக் கடித்தாள். பழகியவள் மாதிரி தின்கிறாளே என்று நினைத்தேன். அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"இசட் நாலு யாரு?"

அவள் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினாள். "என் போனைப் பாத்தீங்களா?"

"தொறக்கல. மேல தெரிஞ்சத மட்டும்."

"பாத்து?"

என் கைப்பேசியை எடுத்தேன். நாலு வரியையும் வாசித்தேன். குரலைத் தாழ்த்தித்தான் வாசித்தேன். அங்கே யாருக்கும் தமிழ் தெரியாது, ஆனாலும் தாழ்த்தினேன். பயப்படாதே. நான் இங்கே இருக்கிறேன். என் கையைப் பிடி. எங்கே வலிக்கிறது, என் உயிரே. நான் சீக்கிரம் திரும்பி வருவேன்.

அவள் முகத்தில் பயம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. முன்னால் சாய்ந்தாள்.

"இன்னொரு தடவ படிங்க."

"இன்னாத்துக்கு?"

"தமிழ்ல இப்பிடித்தான் வருமானு பாக்கணும். எனக்கு சத்தம்தான் தெரியும். தமிழ்ல யாரும் சொல்லிக் கேட்டதில்ல."

மறுபடி வாசித்தேன். அவள் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, மெதுவாக, எழுத்துக் கூட்டுகிறவள் மாதிரி முதல் வரியைப் பாரசீகத்தில் சொன்னாள்: "நதர்ஸ். மன் இன்ஜாம்."

பக்கத்து மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த ஓட்டல்கார அம்மாள் சட்டென்று நிமிர்ந்தார். "இதை யாருக்குச் சொல்கிறீர்கள் மகளே?" என்று ஜெர்மனில் கேட்டார்.

"வார்டில் ஒரு வயதான அம்மாவுக்கு."

அந்த அம்மாள் தன் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு உள்ளே போனார்.

தமிழரசி என் பக்கம் திரும்பினாள். "இசட்னா ட்சிம்மர். ரூம்பு. நாலாம் நம்பர் ரூம்பு. அந்த அம்மா பேர நான் உங்ககிட்ட சொல்லக்கூடாது, சொல்லவும் மாட்டன். நாப்பது வருசம் இந்த ஊர்ல இருந்தவங்க. ஜெர்மன் சூப்பரா பேசுனவங்களாம். இப்ப ஞாபகம் போய் அந்த பாஷ மொத்தமும் போயிடுச்சி. அவங்க ஊரு பாஷ மட்டும்தான் மிச்சம். நாங்க ஊசி எடுத்துக்கினு போனா யாரோ அடிக்க வராங்கனு கத்துவாங்க, கையக் கிள்ளுவாங்க. அவங்க பையன் வேற ஊர்ல இருக்கறாரு. சனிக்கெழம மட்டும்தான் வருவாரு. நாலு வார்த்த எழுதிக் குடுங்கனு நான்தான் கேட்டன். அவரு போன்ல அனுப்பிட்டு, சனிக்கெழம வந்து எப்பிடிச் சொல்றதுனு சொல்லிக் குடுப்பாரு. அதக் கேட்டு நோட்டுல தமிழ்ல எழுதி வச்சிக்கினு சொல்லிப் பழகுனன்."

"இத எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

"நோயாளி வூட்டுக்காரங்க நம்பர சொந்த போன்ல வச்சிக்கறதே தப்பு. தெரிஞ்சா என் வேலைக்கு வம்பு. உங்ககிட்ட சொன்னா நீங்க அதுக்கும் பயப்படுவீங்க."

"அப்ப இந்த ஓட்டலு?"

அவள் மோர் டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"அந்த அம்மா என்னப் புதுப்பொண்ணுனு நெனச்சிக்கினு இருக்காங்க. தெனமும் ஒண்ணு கேப்பாங்க. எனக்குப் புரியாது. பையன் வந்தப்பதான் அர்த்தம் சொன்னாரு. 'உன் புருசன் உன்ன வெளிய சாப்பிடக் கூட்டிக்கினு போறானா'னு கேக்கறாங்களாம். அவங்க வூட்டுக்காரரு வாரா வாரம் கூட்டிக்கினு போவாராம். நான் ஆமானு தலையாட்டிட்டன். மறுநாளும் கேட்டாங்க. பையன் வரப்ப அவர வச்சும் கேப்பாங்க. எந்த ஓட்டலு, இன்னா வாங்கிக் குடுத்தாரு, அடிச்சோறு யாருக்குக் குடுத்தாருனு. ரெண்டு மாசமா பொய் சொல்லிக்கினு இருக்கறன். ஒரு நாளாவது நெசமா இருக்கட்டுமேனுதான் கேட்டன்."

என்னால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "தப்புதான்" என்றேன்.

"தப்புதான். போன்ல எட்டிப் பாத்தது தப்புதான். நான் கோவப்படலனு சொல்லமாட்டன். ஆனா அதவிட ஜாஸ்தியா ஒண்ணு கேக்கணும். நீங்க இந்த ஊருக்கு வந்து ஏழு வருசமாச்சி. இங்க யாரு நம்மளப் பாக்கறாங்க? எந்த ஊரு, எந்தத் தெருனு யாரு கேக்கறாங்க? இங்கயும் எதுக்கு எனக்கு முன்னாடியே நடந்து போறீங்க?"

"பழக்கம்" என்றேன்.

"பழக்கமா?" அவள் குரல் மாறியது. கல்யாணத்துக்கு முன்னால் பேசிய மாதிரி நீ என்றாள். "அருவிச் சத்தத்துல எனக்குக் கேட்டிருக்காதுனு நெனச்சிக்கினு இருந்தியா?"

நான் ரொட்டியைக் கிள்ளிக்கொண்டிருந்தேன்.

"எந்த ஊருனு தெரியலண்ணானு சொன்ன. நான் ஈரப் பாவாடையோட நின்னுகினு இருந்தன். இருபது வருசமா என்னிக்காவது ஒரு நாளு நீயா சொல்லுவேனு பாத்தன். விசாக்காரன் கேட்டப்பகூட எதையும் ஒளிக்கக்கூடாதுனுதான் எழுதினன். அப்பவும் நீ வாயத் தொறக்கல."

"பயந்துட்டன் தமிழு."

"தெரியும். எனக்கும்தான் பயம். உனக்குப் போனா ஒரு அடி, ஒரு பேச்சு. எனக்கு உசுரு. இருந்தும் அவங்க என்னக் கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பன்."

அந்த நேரம் பார்த்துச் சாப்பாடு வந்தது. குங்குமப்பூச் சோறு, புளிப்புச் சிவப்புப் பழங்கள் தூவியது. கீரையும் கறியும் சேர்த்துக் கறுப்பாகும் வரை கொதித்த குழம்பு. தனித் தட்டில் அடிச்சோறு. சட்டியின் அடியில் பொன்னிறத்தில் முறுகிய காந்தல். ஓட்டல்கார அம்மாள் அதைத் தமிழரசியின் முன்னால் வைத்தார். எங்கள் முகங்களைப் பார்த்தும் பார்க்காதவர் மாதிரி தட்டை நேராக்கிவிட்டுப் போனார்.

அந்தக் காந்தலைத் தமிழரசி ஒடித்து ஒடித்து முழுவதையும் தானே தின்றாள். எனக்கு ஒரு துண்டு தரவில்லை. நானும் கேட்கவில்லை. நடுவில் ஒருமுறை, "நல்லாத்தான் இருக்குது" என்று தட்டைப் பார்த்துச் சொன்னாள்.

குழம்பும் நன்றாக இருந்தது. அந்த ஓட்டலைப்பற்றி நான் கணித்தது ஒன்றுதான் அந்த மாதத்தில் நான் சரியாகக் கணித்தது.

6

அடுத்த திங்கட்கிழமை அவள் நாலாம் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். பாதி சைகையில், பாதி நோட்டைப் பார்த்து. அந்த அம்மாள் கையைத் தட்டிச் சிரித்தாராம். கொஞ்ச நாளில் அவரை வேறு ஒரு முதியோர் இல்லத்துக்கு மாற்றிவிட்டார்கள். அன்றைக்கே அந்த எண்ணை அழித்துவிட்டதாகத் தமிழரசி சொன்னாள். நான் அதைச் சரிபார்க்கவில்லை. சரிபார்க்கத் தோன்றியது என்பதையும் ஒளிக்கவில்லை. இந்தக் குணம் ஒரு சாப்பாட்டில் போய்விடாது.

சேர்ந்து நடப்பதும் நினைத்த அளவு சுலபமில்லை. பேசிக்கொண்டே போவோம், கொஞ்ச தூரத்தில் என் கால் தானாக முன்னே ஓடிவிடும். தமிழரசி கூப்பிட மாட்டாள், அப்படியே நின்றுவிடுவாள். நான் திரும்பி வர வேண்டும். கடைவீதியில் இப்படி மூன்று நாலு முறை திரும்பி வருகிறேன்.

கயலுக்கு மலையில் நடந்ததை நானே சொன்னேன். கேட்டுவிட்டுக் கையிலிருந்த கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு, "அம்மா அப்பறமும் உங்களோட இருந்தாங்களா?" என்று கேட்டாள். அதைத் தமிழில்தான் கேட்டாள்.

இந்தக் குறிப்பை எழுதி முடித்து, அச்சுக்கு அனுப்பும் முன்பு தமிழரசியிடம் தாள்களைக் கொடுத்தேன். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து முதல் பக்கத்தைப் படித்தவள் நிமிர்ந்து என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

"யாரு இந்த செல்வி?"

"நீதான். ஊர்ல படிப்பாங்க. அதான் பேர மாத்தி வச்சன்."

"மலையில நடந்தத எழுதியிருக்கறீங்களா?"

"எழுதியிருக்கறன்."

"அப்ப பேனாவக் குடுங்க."

கொடுத்தேன். செல்வி என்று இருந்த இடத்தையெல்லாம் ஒவ்வொன்றாக அடித்து, மேலே தமிழரசி, தமிழரசி என்று எழுதிக்கொண்டே போனாள். நாலாவது பகுதியில் நான் 'பக்கத்து ஊர்' என்று எழுதியிருந்தேன். அங்கே மட்டும் நிறுத்தி, அந்த இரண்டு வார்த்தையையும் அடித்துவிட்டு, எழுத்துக் கலையாமல் எலவனாசூர்கோட்டை என்று எழுதினாள்.